பாண்டி என்ன சாப்பிட்டான்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்தவள். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவர் மொழியில் சொல்லும் வேலை. நானும் அதைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் செய்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து ஏதோ சிறப்பு மலர் போடுகிறார்களாம். “சார், உங்க சர்வீஸ்ல எத்தனையோ பெரிய ஆளுங்களோட இருந்திருப்பீங்க. அதுல ஒருத்தரைப் பத்தி எழுதித் தாங்களேன்” என்றாள்.

பெரிய ஆள் என்று யோசித்தால் எனக்கு ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் பேஸ்பால் ஆடுகிறவர். அவர் படுக்கப் போகும்முன் குடித்த ஒரு டம்ளர் பாலுக்காக நான் மூன்று நாள் போடி மலையில் வேலை பார்த்தேன். அதுவே என் கடைசி வேலை.

நான் போடிக்காரன். தகப்பனாரை நாங்கள் அத்தா என்போம்; அவர் ஏலக்காய் வாங்கி விற்றவர். கடைக்கு அண்ணன்மார் இருந்ததால் என்னைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். சென்னையில் கல்லூரிக்குப் பக்கத்தில் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார்கள். விடுதியில் மாலை நேரத்தை ஓட்ட முடியாமல் அதில் சேர்ந்தேன், அவ்வளவுதான் காரணம். படித்து முடிக்கும் சமயம் சென்னைக்கு வெளியே ஜப்பானியத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. ஒன்றில் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் தொழிலின் முதல் விதி எளிது. அவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் வருத்தப்படுகிறார்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. கேட்கிறவர் பேசுகிறவரைப் பார்க்க வேண்டுமே தவிர நம்மைப் பார்க்கக் கூடாது. நன்றாக வேலை செய்தால் நாம் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

இந்த விதி எவ்வளவு கனமானது என்று ஒரு மழைக்காலத்தில் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் ஒரு பகுதியை மூட முடிவெடுத்தார்கள். அதில் இருந்த ஆட்கள் எல்லாரும் என்னோடு ஒரே பஸ்சில் வருகிறவர்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். மேலாளர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். அவர் தாழ்ந்த குரலில், மேசையைப் பார்த்தபடி ஒரு வாக்கியம் சொல்வார். நான் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, “உங்களை வேலையில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை” என்பேன். அந்த வாக்கியத்தை அவர்கள் கேட்டது என் வாயிலிருந்து, என் குரலில், நல்ல தமிழில். ஒருவர் எழுந்து நின்று, “ஏய்யா சிக்கந்தர், நீயாய்யா சொல்ற?” என்று கேட்டார். அதையும் நான் மேலாளருக்கு மொழிபெயர்த்தேன். மறுநாள் பஸ்சில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நான் அந்த வேலையை விட்ட நாள்வரை காலியாகவே வந்தது.

பிறகு தனியாகவே வேலை பார்த்தேன். மருத்துவமனை, நீதிமன்றம், கல்யாணப் பேச்சு, துறைமுகம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். என் மனைவி மும்தாஜ் இறந்ததும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போடிக்குத் திரும்பினேன். அண்ணன்மார் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் மரியாதையாகப் பேசினார்கள், பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பினார்கள். நான் பாதி வாழ்நாள் பேசிய மொழி தெரிந்தவர் அந்த ஊரில் எவருமில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஜப்பானிய மொழியில் ஏதாவது சொல்லிக்கொள்வேன். நாக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் டோக்கியோவிலிருந்து ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் அழைப்பு வந்தது.

விஷயம் இதுதான். அந்த ஆட்டக்காரர் ஏதோ பேட்டியில், தூங்கும்முன் ஏலக்காய் தட்டிப் போட்ட சூடான பால் குடிப்பதாகச் சொல்லிவிட்டார். மறுநாளே ஜப்பானில் கடைகளில் ஏலக்காய் கிடைக்கவில்லையாம். காலை நிகழ்ச்சிகளில் மருத்துவர்கள் ஏலக்காயைப் பற்றிப் பேசினார்கள். ஒரு சேனல் அந்த டம்ளரின் அளவை ஆராய்ந்தது. இன்னொரு சேனல் அது விளையும் மலைக்கே ஆள் அனுப்பியது. ஒரு மனிதர் பந்து அடிப்பதை நாடே பார்க்கும், அது புரிகிறது. அவர் பால் குடித்ததற்குப் போடிமெட்டுவரை கேமரா வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்று பேர் வந்தார்கள். கேமராக்காரர் பேசாத ஆள், அவரை விட்டுவிடலாம். தயாரிப்பாளர் பெயர் குரோகவா. நிருபர் பெயர் மொரிதா.

குரோகவாவைப் போன்ற மேலதிகாரியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குரல் உயராது. எதற்கும் இரண்டு முறை நன்றி சொல்வார். ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயில் வராது. பிடிக்காத ஒன்றைக் கேட்டால் பல்லிடுக்கில் காற்றை மெல்ல இழுத்துவிட்டு, அதே கேள்வியைப் புன்னகையோடு மறுபடி கேட்பார். நாம் அவர் விரும்பும் பதிலைச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். எடுக்கப்போகும் காட்சிகளையெல்லாம் டோக்கியோவிலேயே கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு வந்திருந்தார். ஒரு கட்டத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், கை நிறைய ஏலக்காய், பின்னால் சூரியன். அடியில் பெண் சொல்ல வேண்டிய வாக்கியமும் எழுதியிருந்தது: ‘அவர் என் மகன் மாதிரி. அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.’

நாங்கள் மலையேறிய காலையில் சாரல் அடித்தது. ஜீப்பு வளைவுகளில் திரும்பத் திரும்ப, கீழே போடி சிறுத்துக்கொண்டே போய் மேகத்துக்குள் மறைந்தது. குரோகவா முன் இருக்கையில் கட்டங்களைச் சரிபார்த்தபடி வந்தார். பின்னால் மொரிதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

“நீங்கள் அவரோடு நன்றாகப் பழகியிருப்பீர்கள்” என்றேன், பேச்சுக்கு.

அவர் சிரித்தார். எட்டு வருடமாக அந்த ஒரு மனிதரைப் பின்தொடர்வது மட்டும்தான் அவர் வேலை. தினமும் காலையில் ஜப்பானுக்குச் செய்தி போக வேண்டும். ஆட்டம் இல்லாத நாளிலும் போக வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார், முடி வெட்டினாரா என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

“ஒரு முறை நடைபாதையில் எதிரில் வந்தார். ‘இன்று வெயில் அதிகம், இல்லையா?’ என்றார். என்னிடம் அவர் தனியாகப் பேசியது அது ஒன்றுதான். அன்றைக்கு அதுவே செய்தி” என்றார் மொரிதா. பிறகு, “என் அம்மா பனி விழும் ஊரில் தனியாக இருக்கிறார். நிகழ்ச்சியைத் தவறாமல் பார்ப்பார். திரையில் என் முகம் வராது, ஒலிவாங்கி பிடித்த கை மட்டும்தான் வரும். ‘கை கொஞ்சம் இளைத்திருக்கிறது’ என்று எழுதுவார்” என்றார்.

மெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். மரநிழலில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலச் செடிகள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையும், அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளும் கட்டிக்கொண்டு, செடித் தூரில் குந்தி உட்கார்ந்து பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் தலைக்கு மேல் காய்ப்பதில்லை, தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும் என்பதைக் கண்டதும் குரோகவா பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். அவர் கட்டத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டு மேலே கை நீட்டிப் பறிப்பதாக வரைந்திருந்தது.

பெண்களில் ஒருத்தியை அவர் தேர்ந்தெடுத்தார். பெயர் செல்லத்தாய். போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. ஐம்பது வயது இருக்கும். கேமராவுக்கு எதிரில் ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். நான் வழக்கம்போல் சற்றுப் பின்னால் உட்கார்ந்தேன்.

மொரிதா அந்த ஆட்டக்காரரின் படத்தைக் காட்டி விவரம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். செல்லத்தாய் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“ஆளு நல்லா வாட்டசாட்டமா இருக்காரு. இவரு பால் குடிச்சாருன்னா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

“ஆமாம்” என்றார் மொரிதா. “அவர் தினமும் என்ன சாப்பிட்டார் என்று நான் நாட்டுக்குச் சொல்கிறேன்.”

“தெனமுமா? அவரு ஆத்தா கேக்குமா அதை?”

“கேட்பார் என்று நினைக்கிறேன்.”

“அந்த ஆத்தா குடுத்து வச்சவ.” படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “எம்மகன் பாண்டியும் வெளிநாட்டுலதான் இருக்கான். துபாயில பெயிண்டு அடிக்கிறான். அவுக அப்பா செத்தப்ப லீவு குடுக்கலைன்னுட்டாங்க, வர முடியல. அப்ப இருந்து போன் போட மாட்டேங்கிறான். நா போட்டாலும் எடுக்க மாட்டேங்கிறான். எந்த மொகத்தோட பேசுறதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கான். அவன் கூட எங்கூருப் பையன் ராசு இருக்கான். உசுரோட இருக்கான்னு அவன் சொல்லித்தான் தெரியும். தின்னானா, படுத்தானா, ஒண்ணும் தெரியாது.”

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். ‘என் மகன் என்னோடு பேசுவதில்லை’ என்று, அவள் இடத்திலிருந்து, ‘என்’ என்றே சொன்னேன். எனக்குப் பிள்ளை கிடையாது.

குரோகவா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். “மிகவும் நன்று. நன்றி, நன்றி. இப்போது அந்த வாக்கியத்தைக் கேட்கலாமா?”

கேட்டேன். செல்லத்தாய் என்னைப் பார்த்து முகம் சுளித்தாள். “மொகந் தெரியாத ஆளை எப்படி ராவுத்தரண்ணே மகன்னு சொல்றது? நல்லா இருக்கட்டும்னு வேணா சொல்றேன்.”

குரோகவா அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அவளும் அதே பதிலைத் திரும்பச் சொன்னாள். நாலைந்து முறை இப்படி நடந்தது. கடைசியில் அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, “நீங்கள் கொஞ்சம் உதவலாமே” என்றார். அவள் சொல்லாததை நான் ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டால் போதும் என்பது பொருள். “அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்” என்றேன். அவர் பல்லிடுக்கில் காற்று போகும் சத்தம் சாரலிலும் கேட்டது.

எல்லாம் முடிந்து கேமரா வயர்களைச் சுருட்டும்போது செல்லத்தாய் எழுந்து நேராக மொரிதாவிடம் போனாள். கேமரா அணைந்திருந்தது. பிளாஸ்டிக் தாளில் கையைத் துடைத்துக்கொண்டே, நான் மொழிபெயர்ப்பேன் என்ற நம்பிக்கையில் என்னைப் பார்க்காமல் அவரிடமே பேசினாள்.

“ஐயா, உங்களுக்கு ஒரு ஆளு என்ன தின்னான்னு பாத்துச் சொல்றதுதான சோலி? எம்மகனையும் ஒருக்காப் போயிப் பாத்துச் சொல்லுங்களேன்.”

சொன்னேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். மொரிதா சிரிக்கவில்லை. துபாயில் எந்தப் பகுதி என்று கேட்டார். ராசுவின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

மற்ற இருவரும் டோக்கியோவுக்குப் போனார்கள். மொரிதா தனியாகக் கொச்சியிலிருந்து துபாய் வழியாக அமெரிக்கா திரும்பினார். அந்த வாரமே நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதன் இணைப்பை எனக்கு அனுப்பியிருந்தார்கள். சாரல் இல்லை, எங்கிருந்தோ கொண்டுவந்த சூரியன் இருந்தது. செல்லத்தாயின் உள்ளங்கையும் ஏலக்காயும் கொஞ்ச நேரம் வந்தன. அவள் வாய் அசைய, மேலே ஒரு ஜப்பானியப் பெண்ணின் இனிய குரல், ‘அவர் என் மகன் மாதிரி’ என்றது.

நான் பஸ்சேறி சிலமலைக்குப் போய் அவளுக்குக் காட்டினேன். தன் கையைப் பார்த்துக் கூச்சப்பட்டாள். “என்ன சொல்றேனாம்?” என்று கேட்டாள். சொன்னேன்.

“பொய்தான். சரி போகட்டும், அந்தப் பிள்ளையும் நல்லா இருக்கட்டும்” என்றாள்.

அடுத்த நாள் குரோகவா தொலைபேசியில் அழைத்தார். மிகப் பணிவாக, மொரிதா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். முந்தின ஆட்டத்தில் அந்த ஆட்டக்காரர் பந்தை மூன்று முறை மைதானத்துக்கு வெளியே அடித்திருக்கிறார். எல்லாச் சேனலும் அங்கே இருந்தன. இவர்களுக்கு மட்டும் ஆள் இல்லை. எட்டு வருடத்தில் மொரிதா சொல்லாமல் தவறவிட்ட ஒரே ஆட்டம் அதுதானாம்.

“துபாயில் இறங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்” என்றேன். காரணம் கேட்டார். செல்லத்தாய் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். காற்றை இழுக்கும் ஓசை வரவில்லை. “நன்றி” என்றார், ஒரே ஒரு முறை.

அன்று மாலை மொரிதாவின் காணொளி என் கைப்பேசிக்கு வந்தது. கூடவே ஒரு வரி: ‘சிரமத்துக்கு மன்னிக்கவும். முழுவதையும் மொழிபெயர்த்துவிடுங்கள்.’

மறுநாள் செல்லத்தாய் வேலைக்குப் போகவில்லை, நான் வருவதாகச் சொல்லியிருந்தேன். அடுப்படியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன்.

தொழிலாளர் தங்கும் ஒரு நீளக் கட்டடத்தின் முன்னால், கோட்டும் டையும் போட்டு, ஒலிவாங்கியைப் பிடித்தபடி மொரிதா நின்றார். முகம் முழுசாகத் தெரிந்தது. விளையாட்டுச் செய்தி வாசிக்கும் அதே குரலில் பேசினார். நான் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“வணக்கம். சிலமலை செல்லத்தாய் அவர்களின் மகன் பாண்டி பற்றிய இன்றைய செய்தி. பாண்டி இன்று விடியும்முன் எழுந்தார். பதினோராம் மாடியில் வெளிச்சுவருக்கு வெள்ளை வண்ணம் பூசினார். வேலையில் வேகம் உண்டு, சிந்துவதில்லை. உடல்நிலை நன்றாக இருக்கிறது. செருப்பின் வார் அறுந்து தைக்கப்பட்டிருக்கிறது. சற்று மெலிந்திருக்கலாம், பழைய படம் என்னிடம் இல்லாததால் ஒப்பிட இயலவில்லை. தூக்கம் போதுமான அளவு இருப்பதாக அறையில் உடன் இருக்கும் ராசு தெரிவிக்கிறார். குறட்டை உண்டு.”

செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கேமரா உள்ளே போனது. இரண்டடுக்குக் கட்டில்கள். ஒன்றின் விளிம்பில் ஒரு வாலிபன் தட்டை மடியில் வைத்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ராசுவின் குரல், “டேய், ஆத்தாவுக்கு ஏதாச்சும் சொல்லுடா, போகுதுடா” என்றது. அவன் தலையை ஆட்டினான். சொல்ல மாட்டேன் என்று ஆட்டினான். குனிந்தபடியே இருந்தான். பிறகு, முகத்தைத் தூக்காமல், தட்டை மட்டும் மெல்லக் கேமராவுக்குச் சாய்த்துக் காட்டினான்.

“இன்றைய உணவு சோறு, சாம்பார், ஒரு ஆம்லெட்” என்றது மொரிதாவின் குரல். “முழுவதும் சாப்பிட்டார். இத்துடன் செய்தி முடிகிறது.”

செல்லத்தாய் திரையை நெருங்கிப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். தட்டு வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“கருவேப்பிலைய ஒதுக்கி வச்சிருக்கான் பாருங்கண்ணே” என்றாள். “இன்னமும் ஒதுக்குறான் களவாணிப்பய.” அப்போதுதான் அழுதாள். நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. அழுகையை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணே, என்னையும் எடுங்க, அனுப்புவோம்” என்றாள். எடுத்தேன். அடுப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, மொரிதா நின்ற மாதிரியே நின்று பேசினாள். “பாண்டி, ஆத்தா பேசுறேன். காலைல கேப்பக்கூழும் வெங்காயமும் குடிச்சேன். மத்தியானத்துக்கு ரசம் வச்சிருக்கேன். ஒடம்பு நல்லா இருக்கு. மலைக்கு ஜீப்புல போறேன், வர்றேன். அப்பா காரியமெல்லாம் கொறையில்லாம முடிஞ்சுச்சு. நீ வரலன்னு ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலப்பு. அம்புட்டுத்தான் சேதி.”

அதை ராசுவின் எண்ணுக்கு அனுப்பினேன். அன்றைக்கோ மறுநாளோ பதில் இல்லை. மூன்றாம் நாள் செல்லத்தாய் யாருடைய போனிலிருந்தோ என்னைக் கூப்பிட்டாள். பாண்டி பேசினானாம்.

“என்ன சொன்னான்?”

“என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் அழுதோம். பொறவு, ‘ரசம் நல்லா இருந்துச்சா’ன்னு கேட்டான்.”

மொரிதாவை அந்த ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நிலையத்துக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடப் பந்தயங்களும் பனி அளவும் சொல்கிறாராம். அதைத் தண்டனை என்று அவர் எழுதவில்லை, நன்மை என்றும் எழுதவில்லை. அம்மாவோடு இருப்பதாக எழுதினார். எப்போதாவது ஒரு வரி வரும். நானும் ஒரு வரி எழுதுவேன். அந்த மொழியில் நான் பேசிக்கொள்ள மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவர்.

சிலமலைக்குப் போக எனக்குக் காரணம் இல்லாமல் போனது. அம்மாவும் மகனும் ஒரே மொழிக்காரர்கள், நேராகப் பேசிக்கொள்கிறார்கள். வேறு வேலையும் வரவில்லை, வந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். காலையில் மெட்டுச் சாலை திரும்பும் இடத்து டீக்கடைவரை நடப்பேன், ஒரு டீ, பிறகு வீடு.

போன வாரம் அங்கே நின்றிருந்தபோது, பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு திரும்பியது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்த தலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு ஆடியது.

“ராவுத்தரண்ணே! நேத்து பருப்பு உருண்டைக் கொழம்பாம்! அவனே வச்சானாம்!”

நான் கையைத் தூக்குவதற்குள் ஜீப்பு வளைவில் ஏறிவிட்டது. டீக்கடைக்காரர் என்ன என்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்து மொரிதாவுக்கு எழுத உட்கார்ந்தேன். பருப்பு உருண்டைக் குழம்புக்கு அவர்கள் மொழியில் சொல் கிடையாது. பருப்பை ஊற வைப்பதிலிருந்து தொடங்கி எழுதினேன்.